எவர்சில்வர் தூக்கும் ஒரு விராலும்

அந்தத் தை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்படிக் கதவு சாத்தியே கிடந்தது. தாளிக்கிற வாசம் துளி வெளியே வந்தாலும் போதும், அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவார். முழுகாமல் இருந்தார். சோற்றைக் கண்டால் வாந்தி, ரசத்தைக் கண்டால் வாந்தி, சில நாள் வெறும் தண்ணீருக்கே வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வருவோம். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். கல்யாணத்துக்கு எடுத்த வளையல் முழங்கை வரைக்கும் தடையில்லாமல் ஏறியது. "வாய் வழியா ஏதாவது உள்ள போயி தங்கணும். இல்லன்னா கொண்டாந்து அட்மிட் பண்ணிடுங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணன் செருப்புக்கடையில் உட்கார்ந்துகொண்டு அரை மணிக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன் போடுவான். "இன்னா சாப்ட்டா?" அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் அண்ணி வாயைத் திறந்து ஒன்று கேட்டார்.

"பொடி மீனு. மொறுமொறுன்னு வறுத்து. முள்ளோட, தலையோட."

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. சின்ன வயதில் அவர் அத்தா வாய்க்காலில் துணி போட்டு வாரிக்கொண்டு வருவாராம், விரல் நீளக் கெண்டைக் குஞ்சு. அதை வறுத்துப் பள்ளிக்கூடப் பையில் காகிதத்தில் மடித்துக்கூட எடுத்துப் போயிருக்கிறார். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் அன்றைக்குப் பார்த்து எல்லாம் பெரிய மீன். கடல் மீன் வாசம் அவருக்கு ஆகாது. அம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த வீட்டில் என் கிறுக்குத்தனம் ஒன்றுக்கு முதல்முறையாகத் தேவை ஏற்பட்டிருந்தது.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, காலையில் ஆன்லைனில் இன்டர்வியூ, சாயங்காலம் அண்ணன் கடையில் எட்டாம் நம்பர் செருப்பு தேடுகிற வேலை. இடையில் கிடைக்கிற நேரத்துக்கு ஒரு பைத்தியம் வேண்டும் எனக்கு. முதலில் புறா வளர்த்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் காளான். அம்மா அதை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளினார். அந்த வருஷம் மீன்பிடி. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ராத்திரி கனவில்கூடத் தூண்டில் நரம்பு சுற்றினேன். ஆன்லைனில் ராடும் ரீலும் வரவழைத்தும், அதுவரை நான் பிடித்திருந்தது ஜிலேபிக் கெண்டையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும். அந்தச் செருப்பை அண்ணன் எங்கள் கடைச் சரக்கு என்று அடையாளம் சொன்னான்.

"மத்தியானத்துக்குள்ள கொண்டாரேன்" என்றேன். அம்மா மைதா மாவு பிசைந்து கொடுத்தார். மீன் போட ஒரு பாத்திரம் கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, அவருடைய எவர்சில்வர் தூக்கைக் கொடுத்தார். அவர் கல்யாணத்துக்கு அவர் வீட்டில் கொடுத்தது, பேர் வெட்டினது. "தொலச்சிட்டு வந்தே, வூட்டுக்குள்ள வராதே." மருமகளுக்காகத்தான் அந்தத் தூக்கு வெளியே வந்தது. சாதாரண நாளில் அதை விருந்தாளிக்கும் காட்ட மாட்டார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் போனால் ஓர் ஏரி வரும். கரைமேலேயே ரோடு. எதிரில் கல்வராயன் மலை, அதன் இடுப்பில் மேகம். வெள்ளிமலை பஸ் அந்தக் கரை வழியாகத்தான் போகும், வரும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மதகுக்குப் பக்கத்தில் இறங்கினேன். சின்னத் தூண்டில் முள், சின்னத் தக்கை, பட்டாணி அளவுக்கு மைதா உருண்டை. பிஸ்மில்லா சொல்லிப் போட்டேன்.

கொஞ்சம் தள்ளி ஓர் அக்கா படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நடவு வேலைக்கு வந்தவர். காலையிலேயே கூலிக்காரர்கள் அதிகமாகிவிட்டதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இடுப்பில் கருக்கரிவாள். புல் அறுத்துக்கொண்டாவது போகலாமென்று நின்றிருந்தார்.

"இன்னா பாய், கறிக்கடைல வரிசை ஜாஸ்தியா? ஏரிக்கு வந்துட்டீங்க."

"பொடி மீனுக்கா. எங்க அண்ணிக்கு."

முதல் கெண்டை ஏறியது. விரல் நீளம். அந்த அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கா இம்மாம் பெரிய கம்பு?"

சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். அண்ணி, வாந்தி, வளையல், டாக்டரம்மா, அண்ணனின் செருப்புக்கடை, வாய்க்கால், எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவர் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார்.

"எனக்குப் பெரியவன் வயித்துல இருக்கறப்போ சோறே எறங்கல. ஈரச் செம்மண்ணு வாசம் வந்தா போதும், எச்சி ஊறும். செவுத்த நக்குவேன்னு எங்க மாமியா என்னை வூட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. வாய் கேக்கறத குடுத்துடணும் தம்பி. வேற எதைக் குடுத்தாலும் வயிறு திருப்பி அனுப்பிடும்."

பாய் போய் தம்பி வந்துவிட்டது. மாவு உருட்டிக் கொடுத்தார். நான் போட, கெண்டைகள் ஒவ்வொன்றாக ஏற, தூக்கில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடியை மேலே வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு சட்டி வறுவலுக்குச் சேர்ந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இருந்தால் ராத்திரிக்கும் ஆகுமே என்று மறுபடி போட்டேன்.

தக்கை அசைந்தது. கெண்டைதான். இழுத்துக்கொண்டு வரும்போது தண்ணீருக்குள் வெள்ளையாக அது திரும்புவதுகூடத் தெரிந்தது. அப்புறம் அது தெரியவில்லை. ஆகாயத்தாமரைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ வந்து, 'பளார்' என்று ஒரு சத்தம், ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது.

"அக்கா!"

"வுட்றாத! விரால் தம்பி! உம் மீன முழுங்கிடிச்சி!"

ரீல் அலறியது. வீடியோவில் இந்த இடத்தில் ஒரு திருகைத் திருகுவார்கள். எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது. இறுக்கினால் நரம்பு அறுந்துவிடும்; கெண்டைக்குப் போட்ட நரம்பு, நூல் மாதிரி இருக்கும். நான் கரையில் இடது பக்கம் ஓடினேன், அது வலது பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். அப்போதுதான் என் கால் தூக்கில் இடித்தது. 'டங்' என்று உருண்டு, சரிவில் போய், மூடி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு மீன்கள் ஒரு பக்கம். மூடி உருண்டுபோய் ஏரிக்குள் விழுந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி ராடைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மேலே ஹாரன் சத்தம். வெள்ளிமலையிலிருந்து வந்த பஸ் நின்றிருந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாகத் தொங்கினார்.

"வுடு வுடு, நரம்ப வுடு! ஓடட்டும்!"

"இழு தலைவா, இழு!" இது கண்டக்டர், படியில் நின்று.

"யோவ், ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்கய்யா!" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். பஸ் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும், வண்டிய எடுங்க டிரைவரே" என்றது ஒரு பெண் குரல்.

"மீனு ஏறட்டும்மா, பறந்துடறேன்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது ஓடினால் விட்டேன், நின்றால் சுற்றினேன். ஒரு தடவை தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கிப் பார்த்தது. பாம்புத் தலை மாதிரி, அகலமாக. பஸ்ஸே 'ஆ' என்றது. கரையோரம் வந்ததும் நரம்பு ஆகாயத்தாமரை வேரில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் அறும், விட்டால் போகும். நான் அழுகிற நிலையில் நின்றேன்.

அந்த அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீர். தாமரையை விலக்கி, முந்தானையைக் கையில் சுற்றி, செவுளுக்கு அடியில் கொடுத்து, ஒரே தூக்கு. மீனோடு சேர்ந்து அவரும் கரையோரச் சேற்றில் மல்லாந்து விழுந்தார். விழுந்தபடியே அதன்மேல் உருண்டு படுத்துக்கொண்டார். "புட்ச்சிட்டேன்! புட்ச்சிட்டேன்! யாராவது வாங்கடா!"

என் கையை நீட்டி அளந்தால் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது. அப்படி ஒரு விராலை நான் வீடியோவிலும் பார்த்ததில்லை. கண்டக்டர் போட்டோ எடுத்தார், நான் எடுத்தேன், பஸ்ஸில் வந்தவர்கள் எடுத்தார்கள். மீனைப் பிடித்துக்கொண்டு நான், மீனோடு டிரைவர், மீனும் மலையும். அண்ணனுக்கு அனுப்பினேன், காலேஜ் குரூப்பில் போட்டேன். அந்த அக்கா அதற்குள் சேற்றைக் கழுவிக்கொண்டு குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். கழன்று விழுந்த மெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"தம்பி, அந்தம்மா தண்ணில எறங்கினாங்க. கை வச்சவங்களுக்குப் பங்கு குடுக்காம போனா இந்த ஏரில உனக்கு அடுத்த மீனு ஏறாது" என்றார் டிரைவர். "எனக்கு வேணாம். நான் வாயிலதான் புடிச்சேன்." ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த அக்காவே கருக்கரிவாளால் வால் பக்கம் அறுத்தார். நான் சொன்னதைவிடக் கம்மியாகத்தான் அறுத்தார். கொண்டுபோக அவரிடம் எதுவும் இல்லை. மூடியில்லாத தூக்கு கிடந்தது, அதில் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் ராஜா. தூக்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"கருணாபுரம், தண்ணி டேங்க் பக்கத்துல, பச்சைக் கதவு. வந்து வாங்கிக்கோங்க. அப்புறம் தம்பி…" என்று ஏதோ ஆரம்பித்தார். எனக்கு அண்ணனிடமிருந்து போன் வந்துவிட்டது. கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் என் மனசு சொன்ன கணக்கு இதுதான்: பொடி மீன் கேட்டார்கள், விரால் கொண்டுபோகிறேன். விரால் உடம்புக்கு நல்லது, ஆபரேஷன் பண்ணினவர்களுக்கே கொடுக்கிறார்கள். கேட்டதைவிடப் பெரியது கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

தெருவே வந்து பார்த்தது. அண்ணன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். "அண்ணி, வந்து பாருங்க!" என்று கூப்பிட்டேன். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் கிடந்ததைப் பார்த்தார், சிரித்தார். பிறகு என் கைக்குப் பின்னால், ஸ்கூட்டர் பக்கம், கண்ணால் தேடினார்.

"பெருசா இருக்கு தம்பி. பொடி மீனு?"

"அது கொட்டிடிச்சி அண்ணி. இது அத விட…"

"ஆமா ஆமா. இது நல்லா இருக்கு."

அம்மா புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, முடிந்தவரைக்கும் வாசம் அடங்கினபடி வைத்தார். அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. வைத்துக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். எனக்காகத்தான் அதை உள்ளே வைத்திருந்தார். அது எனக்கு அந்த நேரமே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அப்புறம் தட்டை அண்ணன் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

ரொம்ப நேரம் கொல்லையில் சத்தம் கேட்டது. வெறும் வயிறு, வருவதற்கு எதுவுமில்லை, ஆனாலும் நிற்கவில்லை. திரும்பி வந்து பாயில் சாய்ந்துகொண்டு என்னிடம், "கோச்சிக்காதீங்க தம்பி. கஷ்டப்பட்டுப் புடிச்சிக்கினு வந்தீங்க" என்றார்.

அண்ணன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். காலையில் வந்து அட்மிட் ஆகிவிடச் சொன்னார்கள். அம்மா பீரோ மேலிருந்த பையை இறக்கி, துண்டு, நைட்டி, பிளாஸ்க் என்று ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார். செல்போனில் என் மீனுக்கு லைக் வந்துகொண்டே இருந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன்.

பிளாஸ்க்கை வைக்கும்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது.

"தூக்கு எங்கடா?"

சொன்னேன். மூடி ஏரிக்குள் போனதையும் சொன்னேன். அம்மா அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த பயம், அழுகை எல்லாவற்றையும் அந்தத் தூக்குமேல் கொட்டினார். "எங்கம்மா வாங்கிக் குடுத்ததுடா! மூடியும் இல்ல, தூக்கும் இல்ல, மீனப் புடிச்சானாம் மீனு! போடா, போயி வாங்கிக்கினு வா. ஊரு பேரு தெரியாதவங்க கிட்ட குடுத்துட்டு வந்திருக்கான்!" அவரை அந்த நிலையில் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடக் கருணாபுரம் போவதே மேல் என்று கிளம்பினேன்.

வெயில் தாழ்ந்துவிட்டது. தண்ணீர் டேங்க், பச்சைக் கதவு. வாசலில் கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ, அதன்மேல் சின்ன பல்பு. அந்தத் தெருவில் நிறைய வீடுகளில் அந்த மாதிரி பல்பு எரிந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

"வருவீங்கன்னு தெரியும். தூக்குக்காகவாச்சும்" என்றார் அந்த அக்கா. "எங்க தெருவுக்கு அந்தச் சாராயச் சாவுங்களப்போ கேமராவா வந்துது. அதுக்கப்புறம் சொந்தக்காரனே சுத்திக்கினு போறான். உக்காருங்க, இதோ ஆயிடிச்சி."

"இல்லக்கா, தூக்க மட்டும் குடுங்க. அம்மா கத்துறாங்க."

"வெறும் தூக்க எப்பிடிங்க குடுத்து அனுப்புவேன்? நல்லா கேட்டீங்க."

அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். வாணலியில் மஞ்சளும் மிளகாயும் பூசி, விரல் நீளத்துக்கு, தலையோடு, முள்ளோடு பொரிந்துகொண்டிருந்தன.

"இது…"

"உங்க மீனுதான். பாதி ஏரிக்குப் போயிடிச்சி. மீதி சேத்துல, புல்லுல, தாமரை எலைல துள்ளிக்கினு கெடந்துச்சி. பொறுக்கி முந்தானைல முடிஞ்சிக்கினேன். பெரிசு கெடச்சதும் சின்னத வேணாம்னு வுட்டுட்டீங்களோன்னு பாத்தேன். சொல்லலாம்னா எங்க? செல்போன வுட்டு கண்ண எடுக்கல நீங்க." கரண்டியால் புரட்டினார். "உப்பு மஞ்சத்தூள் போட்டு வச்சிருந்தேன். நீங்க வர்லன்னா நானே கடை வீதில செருப்புக்கடை எதுன்னு கேட்டுக்கினு வந்திருப்பேன். பெரிசு அவங்களுக்கு எறங்கிச்சா?"

"இல்லக்கா."

"அதான் சொன்னேனே."

விரால் துண்டுகளைக் குழம்பு வைத்துப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டாராம். கழுவிய தூக்கில் வறுவலைப் போட்டார். மூடிதான் இல்லையே. சுற்றிலும் பார்த்துவிட்டு, அவருடைய ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்துக் கவிழ்த்து, ஒரு துணியால் இறுக்கிக் கட்டினார். "சூடா குடுக்காதீங்க, ஆறட்டும். சூட்டுல வாசம் தூக்கும்."

ஸ்கூட்டரில் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சுடச்சுட இருந்தது ஆரம்பத்தில். கடை வீதி தாண்டும்போது ஆறிவிட்டது.

அம்மாவிடம் தூக்கைக் கொடுத்தேன். பேர் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் துணியை அவிழ்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி கொல்லைப் படியில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தார். அம்மா தூக்கை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். அண்ணன் கதவு மறைவில். நான் ஸ்கூட்டர் சக்கரத்தைத் துடைப்பதுபோல.

அண்ணி ஒன்றை எடுத்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வாலை மட்டும் கடித்தார். 'கறுக்' என்றது. மென்றார். விழுங்கினார். நாங்கள் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு. ஒன்றும் வரவில்லை. மீதியைத் தலையோடு வாயில் போட்டுக்கொண்டார். அடுத்தது எடுத்தார். அதற்கடுத்தது. எங்கள் தெருவில் அந்நேரத்துக்கு ஆட்டோ, கடைச் சத்தம் என்று எல்லாம் இருக்கும். எனக்கு அந்த 'கறுக்' மட்டும்தான் கேட்டது.

"யாரு வறுத்தது?" என்றார் வாய் நிறைய.

"ஒரு அக்கா."

"மெளகாய் கரெக்டா போட்டிருக்காங்க."

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கொஞ்சம் வாந்தி இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிப் பை பீரோமேல் திரும்பப் போய்விட்டது. டாக்டரம்மாவிடம் அண்ணன் போனில், "பொடி மீனு டாக்டர், ஆமா, மீனுதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தான். நான் மைதா மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சின்ன முள், சின்னத் தக்கை. இந்தத் தடவை பிளாஸ்டிக் டப்பா.

அப்போது அம்மா அந்த அக்காவின் தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்ததை அண்ணி பார்த்தார்.

"இதக் குடுக்கணுமே மாமி."

"இவன் போறப்ப குடுக்கட்டும்."

"வெறுமனேவா?"

எழுந்து போனார். வாரக்கணக்கில் சாத்திக் கிடந்த அடுப்படிக் கதவைத் தள்ளினார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகக் கண்ணால் பார்த்தார்.

"அதான் விரால் கொழம்பு ஒரு சட்டி இருக்கே, சுட வச்சிக் குடுத்துடலாம்" என்றார் அம்மா.

"ஐயோ மாமி, அத மட்டும் வேணாம்" என்றார் அண்ணி, மூக்கை மூடினபடியே. "ரவை எங்க வச்சிருக்கீங்க?"